நிதானம் விட்ட இடைவெளி

ஆயுத பூஜை அன்றைக்குக் குழந்தைவேல் தன் காருக்குக் கண்ணைக் கட்டிவிட்டார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பக்தி கொஞ்சம் கூடிப்போயிற்று, அவ்வளவுதான்.

காரின் மூக்குக்கு நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் சதுரம் இருந்தது. முன்கண்ணாடியின் உச்சியில் இன்னொரு சின்னக் கண். முன்னே போகிற வண்டி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று இந்த இரண்டும்தான் பார்க்கும். அதற்குத் தக்கபடி கார் தானே வேகம் கூட்டும், தானே குறைக்கும், மோதப்போகிறது என்றால் தானே பிரேக் போடும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தால் போதும். கம்பெனிக்காரன் இந்த ஏற்பாட்டுக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்திருந்தான். "நம்மகிட்ட இல்லாததைத்தானே காசு குடுத்து வாங்கோணும்" என்று சொல்லித்தான் குழந்தைவேல் அதை வாங்கினார்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கழுத்து லேபிள் அச்சடித்துக் கொடுப்பது அவர் தொழில். 'முறுக்கிப் பிழியாதீர்', 'நிழலில் உலர்த்தவும்' என்று நாலு கண்டத்துச் சட்டைகளுக்கும் புத்தி சொல்கிறவர், தனக்கு வந்த எந்தக் குறிப்பையும் படித்ததில்லை. கறுப்புச் சதுரம் அவர் கண்ணுக்கு நெற்றி மாதிரி வாகாகத் தெரிந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். மேல் கண்ணாடியில் திருநீற்றைக் குழைத்துப் பட்டை அடித்தார். சூடம் காட்டும்போது கார், "முன்பக்கம் தடை உள்ளது, முன்பக்கம் தடை உள்ளது" என்று செய்தி வாசிக்கிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. சாமி கும்பிடும்போது என்ன பேச்சு என்று அதன் வாயையும் அடைத்தார். பூஜை முடிந்ததும் பொரி கடலைப் பையைத் தூக்கி, காருக்குள் இருந்த திரைக்கு முன்னால் வைத்தார்.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, மனைவி வளர்மதியோடு அவிநாசிக் கோயிலுக்குக் கிளம்பினார்.

கண் இரண்டும் போன கார், 'இனி நீங்களே ஓட்டவும்' என்று திரையில் எழுதிக் காட்டி நியாயமாக ஒதுங்கிக்கொண்டது. அது பொரிப் பைக்குப் பின்னால் இருந்தது. கார் ஓட்டுகிறது என்று குழந்தைவேல் நினைத்தார். குழந்தைவேல் ஓட்டுகிறார் என்று கார் நினைத்தது. ஓட்டுநர் என்று ஒருவரும் இல்லாமல் அந்த வண்டி பாலத்துச் சரிவில் மங்களகரமாக இறங்கி, முன்னால் பூசணிக்காய் ஏற்றிப் போன லாரியின் முதுகில் போய் முட்டியது.

பெரிய முட்டல் இல்லை. 'டொம்' என்று ஒரு சத்தம். மேலே இருந்த பூசணிக்காய் ஒன்று யோசித்து, உருண்டு, பானெட்டின் நடுவில் விழுந்து சுக்குநூறாக உடைந்தது.

லாரிக்காரர் இறங்கி வந்து காரையும் பார்த்தார், சந்தனத்தையும் பார்த்தார். "ஏனுங் சார், ஊரே வாங்கிட்டுப் போயி ஒடைக்கிது. உங்களுக்கு மட்டும் நேர்லயே வந்து ஒடைச்சுக் குடுக்கோணுமா?" என்றார். ரோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். குழந்தைவேலும் சிரித்தார். பக்கத்தில் வளர்மதி இரண்டு கையாலும் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்புள்ள, அடிகிடி பட்டுச்சா?"

"ஒண்ணுமில்லீங்க. மொதல்ல அந்தப் பூசணிக்காயைத் தொடைங்க" என்றாள் அவள். சிரித்தும் வைத்தாள்.

அன்று பிறந்தது அவருடைய வாழ்நாளின் தலைசிறந்த கதை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிந்து பீடா மெல்லும் நேரத்தில் யாராவது, "பூசணிக்காய்க் கதையைச் சொல்லுங்க" என்பார்கள். ஒரு காய் ஐந்தாறு காயாயிற்று. லாரிக்காரருக்கு மீசை முளைத்தது. பிறகு அந்த மீசையில் பூசணி விதை ஒட்டிக்கொண்டது. வளர்மதி பக்கத்தில் நின்று, மெல்ல நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

தீபாவளி கழிந்த பிறகுதான் காரின் குணம் மாறியிருப்பது குழந்தைவேலுக்கு உறைத்தது. சர்வீஸில் கண்ணைத் துடைத்து, அடைத்த வாயைத் திறந்து, பானெட்டை நிமிர்த்திக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறினால் நிதானம் முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவில் ஒரு கல்யாண மண்டபமே கட்டலாம் போல இடைவெளி விட்டது. நம் பக்கத்தில் இடைவெளி என்று விட்டால் அதை யாரும் இடைவெளியாக மதிப்பதில்லை, தனக்குப் பிடித்துவைத்த இடம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு ஸ்கூட்டர் புகும். நிதானம் இன்னும் பின்வாங்கும். ஒரு மினி பஸ் புகும். மறுபடி பின்வாங்கும். ஒருநாள் வைக்கோல் ஏற்றின டிராக்டர் ஒன்று ஒதுங்கி முந்திக்கொண்டு போயிற்று. டிராக்டர்காரர் போகிறபோது பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் குழந்தைவேலால் தாங்க முடியவில்லை.

"இடைவெளியை ஏன் இத்தனை விடற?" என்று காரிடமே கேட்டார்.

"பயண வசதிக்காக இடைவெளி மாற்றப்பட்டுள்ளது."

"யார் வசதிக்கு?"

"பயண வசதிக்கு."

"இதை அரசியல்ல சேர்த்து உட்டா பொழைச்சுக்கும்" என்றார் வளர்மதியிடம். அவள் வெளியே பார்த்துக்கொண்டு உதட்டுக்குள்ளேயே சிரித்தாள். அவள் சிரிப்பு கொஞ்ச நாளாக அப்படித்தான் சுருங்கிப்போயிருந்தது. முன்பெல்லாம் அவர் சொல்லி முடிக்கும் முன்னாலேயே விழுந்து விழுந்து சிரிப்பவள். முப்பது வருஷம் கேட்டவளுக்குச் சரக்கு பழசாகிவிட்டதோ என்று அவருக்கு உள்ளூரக் கவலை. அதனால் இன்னும் மும்முரமாக ஜோக் அடித்தார். அவள் இடது கை எப்போதும் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சொருகியிருந்தது. "பெல்ட்டு என்ன, அத்தனை நெருக்கமான சொந்தமா? கைகுடுத்துத் தள்ளி வெக்கறே?" என்று அதையும் ஒரு ஜோக்காக்கினார். யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பாமல் முழு உடம்போடு திரும்பினாள். "மகாராணி திரும்பறாங்க, வழி உடுங்க!" அதற்கும் உதட்டுக்குள்தான் சிரிப்பு.

கார்த்திகையில் சம்பந்தி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கோயமுத்தூர் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தியின் இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தார்.

இப்போது அதே சம்பந்தி வீட்டில் மகள் இனியாவுக்கு வளைகாப்பு வருகிறது. தை பிறந்த முதல் ஞாயிறு, காலையில் நல்ல நேரம். தாய்க்காரிதான் முதல் வளையலைப் போட வேண்டும். டிராக்டருக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு போனால் வளையல் போட்டு முடித்து, சீமந்தமும் முடித்து, பேரனே வாசலில் நின்று 'வாங்க தாத்தா' என்பான். அதற்குள் காரைச் சரிபண்ணியாக வேண்டும்.

முதலில் மச்சினன் மோகனசுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டினார். கார் முன்வண்டியை ஒட்டிக்கொண்டு வாலிபனைப் போலப் பறந்தது.

"நல்லாத்தானே போகுது மச்சான்?"

"நீ வந்தா ஒழுங்கா ஓடுது மாப்ள. உங்கக்காவை ஏத்தினா படுத்துக்குது."

"எங்கக்கா ஏறினா நீங்களே அப்படித்தான் அடங்கி ஓட்டுவீங்க. காரும் கத்துக்கிச்சு" என்றான் மோகனசுந்தரம். குழந்தைவேலுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய், அடுத்த கல்யாணத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டார். அதில் இருந்த உண்மை மட்டும் கண்ணில் படவில்லை.

சர்வீஸ் சென்டரில் நிலோஃபர் என்ற பெண் இருந்தாள். நிதானத்தின் கோளாறுகளைப் பார்ப்பதற்கென்றே படித்தவள். முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் இல்லையே சார்" என்றாள்.

"டாக்டர் ரூமுக்குள்ள போனதும் பல்வலி நின்னு போறாப்புல, உங்க கேட்டைத் தாண்டினா இதுக்குச் சரியாயிடுது. எந்தக் கோளாறுன்னு ஒரே வார்த்தையில சொல்லும்மா. நான் பூசின சந்தனமா?"

"சந்தனம்லாம் எப்பவோ போச்சுங்க."

"அப்ப மோதினதுல உள்ளுக்குள்ள பயந்துபோச்சா?"

"காருக்குப் பயம் இல்லைங்க சார்."

"பின்ன, தப்பு யார் மேல?"

நிலோஃபர் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "சில வண்டிங்க அப்படித்தாங்க" என்றாள். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை உடனே கண்டுபிடிக்கிற ஆள் குழந்தைவேல். அதில் அவரே பட்டதாரி.

"ரீசெட் பண்ணிடலாமில்ல? கத்துக்கிட்டதெல்லாம் மறந்து, வாங்கின அன்னிக்கு மாதிரி ஆயிடும்ல?"

"ஆயிடும். உங்க கைரேகை போதும்." அவள் தயங்கினாள். "ஆனா வண்டியில வழக்கமா வர்றவங்களோட ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுப் பண்ணலாங்க. அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

வீட்டில் வளர்மதிக்கு இதில் விருப்பம் இல்லை. "அது பாட்டுக்குப் போகுது. என்னத்துக்கு அதைப் போட்டு நோண்டறீங்க? வேணும்னா வெள்ளெனக் கௌம்பிட்டாப் போச்சு" என்றாள்.

"டிராக்டர்காரன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்கல."

"பார்த்தேன். நல்ல மனுசனாத்தான் தெரிஞ்சாரு."

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் கிளம்பினார்கள். குழந்தைவேல் ஸ்டியரிங்கில், வளர்மதி பக்கத்தில், நிலோஃபர் பின்னால் மடியில் ஒரு சிறு திரையோடு. அவிநாசி தாண்டி ஆறுவழிச் சாலையில் ஏறியதும் நிதானம் வழக்கம்போல இடைவெளியை விரித்தது. ஸ்கூட்டர் புகுந்தது. மினி பஸ் புகுந்தது.

"பார்த்தியாம்மா? பார்த்தியா?" குழந்தைவேலுக்கு ஜெயித்த சந்தோஷம். "இப்பவே இதை மறக்கடிச்சிரு!"

பின்னால் நிலோஃபர் திரையிலிருந்து தலையை நிமிர்த்தி, முன்சீட்டைப் பார்த்தாள். பெல்ட்டுக்கு அடியில் சொருகியிருந்த கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சார், கருமத்தம்பட்டியில ஒரு டீ சாப்பிடலாமா?" என்றாள்.

பேக்கரி வாசலில் நிறுத்தினார்கள். வளர்மதி இறங்கவில்லை, "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு டீ சொன்னார்கள். நிலோஃபர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சார், நிதானம் வெளியில மட்டும் பார்க்கிறதில்லீங்க. உள்ளயும் பார்க்கும். சீட்டும் பெல்ட்டும் உட்கார்ந்திருக்கிறவங்க உடம்பைப் படிக்கும். பிரேக் போடறப்ப யாரு மூச்சைப் பிடிக்கிறாங்க, பள்ளத்துல எறங்கறப்ப யாருக்கு உடம்பு விறைக்குதுன்னு பார்த்து, அவங்களுக்குத் தக்கன ஓட்டக் கத்துக்கும். வாந்தி எடுக்கிற குழந்தை இருந்தா வளைவுல மெதுவாப் போகும். அந்த மாதிரி."

"அதை அப்பவே சொல்லலாமில்ல?"

"சொல்லக் கூடாதுங்க. முன்னெல்லாம் கார் வாய்விட்டே சொல்லும். ஒரு வீட்டுல மருமக முழுகாம இருக்கிறதை அந்தப் பொண்ணு சொல்றதுக்கு முன்னாடி கார் மாமியார்கிட்டச் சொல்லிருச்சு. இன்னொரு வீட்டுல ஒருத்தருக்குக் கை நடுங்கறதைச் சொல்லி அவரு வேலையே போயிருச்சு. கேஸ் ஆகி, சட்டம் வந்தது. உடம்பு யாருதோ சேதியும் அவங்களுது. கார் அதுக்குத் தக்கன ஓட்டலாம். சொல்லக் கூடாது. நாங்களும்தான்."

"நெனைக்கலாம், சொல்லக் கூடாது." குழந்தைவேல் சிரித்தார். "எங்க வீட்ல எனக்கு இருக்கிற அதே சட்டம்."

நிலோஃபர் சிரிக்கவில்லை.

ஒரு ஜோக் யாரும் எடுத்துக்கொள்ளாமல் கீழே விழுந்தால் ஒரு சத்தம் கேட்கும். குழந்தைவேலுக்குப் பழக்கமான சத்தம்தான். ஆனால் இந்தத் தடவை அதற்குப் பின்னால் வேறு எதுவோ கேட்டது.

"நான் தனியா ஓட்டினா நல்லா ஓடுது" என்றார் மெதுவாக.

"ம்."

"என்ற மச்சினன் வந்தாலும் நல்லா ஓடுது."

நிலோஃபர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரீசெட் பண்ணினா?"

"எல்லா வண்டியும் மாதிரி முன்வண்டியை ஒட்டிப் போகும். ஒட்டிப் போனா அடிக்கடி பிரேக் விழும்." அவள் சிறு திரையை அவர் பக்கம் நீட்டினாள். விரல் வைக்கிற இடம் பச்சையாக மினுக்கியது. "உங்க வண்டிங்க சார். நீங்க வெச்சா நான் பண்ணித்தான் ஆகோணும்."

அவர் விரலை நீட்டவில்லை. பேக்கரிக் கண்ணாடிக்கு அப்பால் கார் தெரிந்தது. உள்ளே வளர்மதி, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், பெல்ட்டைக் கழற்றி ஒதுக்கிவிட்டு இடது விலாவை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். மகாராணி. வழி விடுங்கள்.

சந்தனத்தைத் தானே குழைத்தது ஞாபகம் வந்தது. கெட்டியாக இருக்கட்டும் என்று தண்ணீர்கூடக் குறைத்துத்தான் விட்டார்.

"யாருக்குன்னு உங்கிட்டக் கேட்டா நீ சொல்ல மாட்ட, இல்ல?"

"சொல்ல மாட்டேங்க." நிலோஃபரின் குரல் இறங்கியிருந்தது. "ஆனா சார், இந்தக் கேள்வியைக் கார்கிட்டக் கேட்டீங்க, என்கிட்டக் கேட்டீங்க. கேட்க வேண்டியவங்க உள்ளதான் உட்கார்ந்திருக்காங்க."

"அவகிட்டக் கேட்டேம்மா. அன்னிக்கே கேட்டேன். ஒண்ணுமில்லைன்னா."

"நீங்க விட்டுட்டீங்க."

விட்டுத்தான் விட்டார். அவருக்கு வேண்டிய பதில் அது. அதை வாங்கிக்கொண்டு லாரிக்காரர் மீசையில் விதை ஒட்டப் போய்விட்டார்.

"கார் மட்டும் விடலை போல" என்றார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு, "ரீசெட் வேண்டாம். வண்டி சரியாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு நடந்தார். நிலோஃபர் கூட வரவில்லை. ஒரு பப்ஸ் வாங்கிக்கொண்டு, காருக்கு முதுகைக் காட்டி, போகிற பஸ்களைப் பார்த்தபடி நின்றாள்.

அவர் வருவதைப் பார்த்ததும் வளர்மதி அவசரமாகப் பெல்ட்டை மாட்டினாள். அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"ஆச்சா? மறக்கடிச்சாச்சா?" என்றாள்.

வாயில் ஜோக்குகள் வரிசை கட்டி வந்து நின்றன. நல்ல ஜோக்குகள்தான். ஒவ்வொன்றையும் பார்த்து, 'நீ அப்புறம் வா' என்று திருப்பி அனுப்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாழ்க்கையில் அவர் விட்ட மிகப் பெரிய இடைவெளி அதுதான். எந்த ஸ்கூட்டரும் உள்ளே புகவில்லை.

"மதி, அன்னிக்கு லாரியில முட்டினப்ப உனக்கு அடிபட்டுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எப்பவோ நடந்ததைப் போயி…"

"அந்தப் பதிலை அன்னிக்கே வாங்கிட்டேன். வேற பதில் இருந்தாக் குடு."

அவள் கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பேக்கரியின் குப்பைக் கூடைதான்.

"அந்தப் பொண்ணு எதாவது சொல்லுச்சா?"

"ஒரு வார்த்தை சொல்லல. காரும் சொல்லல. ரெண்டும் உன்ற பக்கம்." அவர் கை தானாகப் போய், பெல்ட்டின் கொக்கியை விடுவித்தது. பெல்ட் மெல்லச் சுருண்டு மேலே போயிற்று. "நீ சொன்னாத்தான் தெரியும்."

"இங்க" என்றாள் அவள், விலாவைத் தொட்டு. "பெல்ட்டு இழுத்த எடத்துல. கொஞ்ச நாள்ல போயிரும்னு நெனைச்சேன். போகல. பொறவு சொல்லலாம்னு பார்த்தா, நீங்க அந்தக் கதையை எல்லாருகிட்டயும் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க. எத்தனை சந்தோசமாச் சொல்றீங்க! நடுவுல நான் போயி, இந்த எடத்துல எனக்கு அடிபட்டுச்சுன்னு எப்படிங்க சொல்றது? கதையே போயிருமில்ல."

அவர் சுருண்டு போன பெல்ட்டைப் பார்த்தார்.

"பள்ளத்துல எறங்கினா வலிக்கும். சடக்குன்னு பிரேக் போட்டா வலிக்கும். அதைத்தான் இந்தக் கார் எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு மெதுவாப் போகுது. அதெல்லாம் தாங்கிக்கலாமுங்க."

"எதைத் தாங்க முடியல?"

வளர்மதி முழு உடம்போடு அவர் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சாத்தானுங்க உசிரு போகுது."